மல்லாட்டை என்று சொன்ன பிள்ளை ஏன் வாயை மூடிக்கொண்டது? வகுப்பறையில் பேச்சுக்கு இடம் எங்கே?

கெடிலக்கரை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பண்ருட்டிக்கும் கடலூருக்கும் நடுவே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 19 வருஷமாக வேலை பார்க்கிறேன். மனசில் கிடந்து உறுத்துகிற ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாசம் மூன்றாம் வகுப்பில் படம் காட்டி "இது என்ன?" என்று கேட்டேன். ஒரு பெண் பிள்ளை துள்ளி எழுந்து "மல்லாட்ட டீச்சர்!" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. "அப்படிச் சொல்லக் கூடாது, நிலக்கடலை. எங்கே, சொல்லு" என்றேன். சொன்னாள். உட்கார்ந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் மணி அடிக்கும் வரை அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

அந்தப் பிள்ளை எங்கள் பள்ளியிலேயே பெரிய வாயாடி. அவர்கள் கொல்லையில் (எங்கள் பக்கத்தில் கொல்லை என்றால் புன்செய் நிலம்) மல்லாட்டை போட்டிருக்கிறார்கள். அதற்கு முந்தின நாள்தான் சத்துணவு வரிசையில் தட்டோடு நின்றுகொண்டு எனக்கு ஒரு பாடமே நடத்தினாள். "ஈரம் பதமா இருந்தா புடிச்சி இழுத்தா செடி அப்படியே வந்துடும் டீச்சர். காஞ்சி போச்சின்னா காம்பு அறுந்துடும், காய் உள்ளயே நின்னுக்கும். அப்புறம் களக்கொத்தால கிண்டிதான் பொறுக்கணும். எங்க ஆயா ஒரு படி பொறுக்கறதுக்குள்ள நான் ரெண்டு படி பொறுக்கிடுவேன்." காரணம் சொல்கிறாள், அதனால் என்ன ஆகும் என்று சொல்கிறாள், ஒப்பிட்டும் காட்டுகிறாள். எட்டு வயசு. அதே பிள்ளை பரீட்சையில் "நிலக்கடலை எங்கு விளைகிறது?" என்ற கேள்விக்கு "மண்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறாள்.

நம் பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விலைப் பலகையில் இன்றைக்கும் 'மணிலா' என்றுதான் எழுதுகிறார்கள். மணிலாக்கொட்டை வாயில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆனது. கப்பலேறி வந்த பயிருக்கு நம் ஊர்க்காரர்கள் வைத்த பேர் அது. அதைத் தப்பு என்று சொல்ல நான் யார்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆசிரியர் பயிற்சியில் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நாலு திறன் படித்தோம். இதே வரிசையில்தான் படித்தோம். ஆனால் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு 100 மதிப்பெண், அந்த நூறும் எழுத்துக்கே. மேலே மதிப்பெண் இல்லாத ஒன்றைக் கீழே யார் சொல்லிக்கொடுப்பார்கள்? 2022-இல் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு சின்ன வகுப்புகளில் பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்று வகுப்பு கலகலப்பாகத்தான் இருக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகள் ஆசையாக வருகிறார்கள். ஆனால் முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் பாடுவது வேறு, ஒரு பிள்ளை தன் சொந்த வாக்கியத்தைத் தானே சொல்வது வேறு. இந்த இரண்டாவதற்கு ஒரு நாளில் எத்தனை நிமிஷம் கிடைக்கிறது என்று நேற்று கணக்குப் பார்த்தேன். என் வகுப்பில் ஒன்றுமே கிடைக்கவில்லை.

உங்கள் பள்ளியில், உங்கள் வீட்டில் எப்படி? மனசு விட்டு எழுதுங்கள்.


மஞ்சக்குப்பம் பழைய வாத்தியார் எழுதியது:

டீச்சர், உங்கள் ஆதங்கம் புரிகிறது. நான் தமிழாசிரியராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். ஆனாலும் உங்களோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை.

வீட்டுப் பேச்சைப் பிள்ளை வீட்டிலேயே கற்றுக்கொண்டு வருகிறது. வீட்டில் கிடைக்காததைக் கொடுக்கத்தான் பள்ளிக்கூடம். கடலூர்ப் பிள்ளையும் நாகர்கோவில் பிள்ளையும் ஒரே பத்திரிகையைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் பொதுத் தமிழ் வேண்டும். விடைத்தாள் திருத்தும் முகாம்களில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். "வந்துச்சி", "பண்ணாங்க", "அதுக்கோசரம்" என்று எழுதிவைக்கிற தாள்கள் யாருடையவை? வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைகளுடையவை. அந்த மதிப்பெண் போனால் அதுகளுக்குத்தான் நஷ்டம். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு எப்படியும் தெரிந்துவிடும். நாம் இரக்கப்பட்டுத் திருத்தாமல் விடுவது ஏழைப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம் என்று நினைத்தே நான் திருத்தினேன்.

இன்னொன்று நேரம். ஒரு வகுப்பில் 40 பேர் என்று வையுங்கள். ஆளுக்கு 5 நிமிஷம் பேசவிட்டால் 200 நிமிஷம். 40 நிமிஷப் பீரியட் ஐந்து. கிட்டத்தட்ட ஒரு வாரத் தமிழ் வகுப்பு அதற்கே போய்விடும். பாடத்தை யார் முடிப்பது? நடுவில் எமிஸில், அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவில், விவரம் ஏற்ற வேண்டிய வேலை வேறு.

பேச்சுக்கு மதிப்பெண் என்று வைத்தால், எழுதின தாளையாவது மறுகூட்டல், மறுமதிப்பீடு கேட்கலாம். பேசின பேச்சை எங்கே போய் மறுமதிப்பீடு கேட்பது? வேண்டியவன், வேண்டாதவன் என்பது உள்ளே நுழைந்துவிடும். கிராமத்துப் பிள்ளை முதலில் அடிபடும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.


முதுநகர்க்காரன் எழுதியது:

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் எழுத்தில் ஜெயித்துப் பேச்சில் தோற்றவன். அதனால் டீச்சர் பக்கம் நிற்கிறேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தேன். எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பில் 450-க்கு மேல் எடுத்த முதல் ஆள். பாலிடெக்னிக் முடித்து ஒரு கம்பெனி நேர்காணலுக்குப் போனேன். உட்கார்ந்திருந்தவர் நல்லவர். எனக்கு இங்கிலீஷ் வராது என்று தெரிந்ததும் தமிழிலேயே, "உங்க ஊரைப் பத்திச் சொல்லுங்க தம்பி" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "எங்கள் ஊர் கடலூர். அங்கு கடல் உள்ளது" என்று சொன்னேன். இரண்டாம் வகுப்புக் கட்டுரை மாதிரி. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் என் ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு தமிழில் இருந்தது. கொண்டல் அடித்தால் என்ன, கச்சான் அடித்தால் என்ன, வாடைக்காற்றில் எதைப் பார்த்து வலை போடுவது, நீவாடு என்கிற கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று மணிக்கணக்கில் சொல்லியிருப்பேன். அந்தத் தமிழை அந்த மாதிரி இடத்தில் பேசலாம் என்று பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. பேசக் கூடாது என்றுதான் புரிந்து வைத்திருந்தேன்.

எங்கள் அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வராது, கைநாட்டுதான். ஆனால் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றால், வலைத் தகராறு ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை, யார் பக்கம் என்ன நியாயம் என்று குரலை உயர்த்தாமல் எடுத்துவைப்பார். எதிராளியே தலையை ஆட்டுவான்.

2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தார்கள். எந்த வீடு போச்சு, எத்தனை வலை, எத்தனை கட்டுமரம் என்று கேட்டார்கள். படித்த பையன்கள் நாங்கள் நாலைந்து பேர் பின்னால் நின்றோம். எங்கள் அம்மா முன்னே போய்ப் பேசியது. தெருக் கோடியிலிருந்து ஆரம்பித்து, இன்னார் வீடு, உள்ளே இன்னின்ன இருந்தது, இந்த வலை புதுசு, போன தையில் கடன் வாங்கிப் போட்டது என்று வரிசை தப்பாமல் சொன்னது. அழவே இல்லை. அந்த அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, "மெதுவா சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்" என்றார். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத அம்மா அது.

பள்ளிக்கூடம் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது, அதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் இருந்த அந்தப் பேச்சு என்னோடு நின்றுபோச்சு. ஐயா, வீட்டில் இருப்பது எப்படியும் வந்துவிடும் என்று சொன்னீர்கள். வரவில்லை ஐயா.


லாஸ்பேட்டை அம்மா எழுதியது:

படித்துக் கண் கலங்கிவிட்டது தம்பி.

நான் புதுச்சேரி. என் பையன் தனியார் பள்ளியில் ஏழாவது. சின்ன வகுப்பில் இருந்தபோது வகுப்பில் தமிழில் பேசினால் பத்து ரூபாய் ஃபைன். தண்ணீர் குடிக்கக்கூட இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும். ஒரு நாள் டிரவுசரை நனைத்துக்கொண்டு வந்து நின்றான். "ஏன்டா, மிஸ்கிட்ட கேக்க வேண்டியதுதானே?" என்றேன். "எப்படிக் கேக்கறதுன்னு மறந்துட்டேம்மா" என்றான். அன்றைக்கு நான் போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. இங்கிலீஷ் வந்துவிடும் என்கிற ஆசையில் பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்போது சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்கு வேறு பணம் கட்டுகிறேன். அங்கே அவன் பேசுவது "மை நேம் இஸ், மை ஹாபி இஸ்" அவ்வளவுதான். வீட்டில் தமிழிலும் "ம்", "தெரியல", "அப்புறம் சொல்றேன்". என் கேள்வி ஒன்றுதான். இங்கிலீஷ் பேச வைக்க முதலில் எங்கே ஆரம்பிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


புதுவை ஆங்கில ஆசிரியர் எழுதியது:

அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முயல்கிறேன். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன்.

உங்கள் பையனிடம் தமிழில் ஒரு சம்பவத்தை முழுசாகச் சொல்லச் சொல்லுங்கள். பள்ளிக்கூட வேன் பஞ்சரான கதையோ, கிரிக்கெட்டில் அவுட் ஆன கதையோ எதுவானாலும் சரி. முதலில் என்ன, அப்புறம் என்ன, ஏன் அப்படி ஆச்சு என்று வரிசையாகச் சொல்ல வந்தால் ஆங்கிலத்துக்குப் பாதி வேலை முடிந்தது. சொல்ல ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு எந்த மொழியில் வார்த்தை கொடுத்தும் பிரயோசனம் இல்லை. என் வகுப்பில் ஆங்கிலம் தடுமாறுகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் பிரச்சினையே இல்லை. எழுந்து நின்று நாலு பேர் முன்னால் தொடர்ந்து பேசிய பழக்கம் எந்த மொழியிலும் இல்லை.

இனி டீச்சர் சொன்ன மதிப்பெண் விஷயம். எங்கள் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறி, 2025-இல் எங்கள் பிள்ளைகள் முதல்முறையாக அந்தப் பொதுத்தேர்வை எழுதினார்கள். பத்தாம் வகுப்பில் 80 எழுத்துத் தேர்வு, 20 அகமதிப்பீடு. அந்த இருபதில் ஓர் ஐந்து மதிப்பெண்ணுக்குள் மொழிப் பாடங்களில் கேட்டலும் பேசுதலும் வருகிறது. காகிதத்தில் பார்த்தால் நீங்கள் கேட்டது கிடைத்த மாதிரி இருக்கும். நடப்பதைச் சொல்கிறேன். கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பட்டியலில் 4, 5, 4, 4, 5 என்று போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். எழுதும்போது கை கூசியது. ஒரு பிள்ளையும் பேசவில்லை, எல்லோரும் பேசியதாகக் கணக்கு. அதனால் மதிப்பெண் வைத்தால் மட்டும் பேச்சு வந்துவிடும் என்று நம்பாதீர்கள் டீச்சர்.

எனக்கு உதவியது ரொம்பச் சின்ன விஷயம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார். அதற்குள் பதில் வராவிட்டால் வேறு பிள்ளையைக் கேட்கிறார், இல்லை தானே சொல்லிவிடுகிறார். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். இதைப் படித்த மறுநாள் கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். நம்புங்கள், அந்த மூன்று விநாடி மலை மாதிரி இருந்தது. வாய் துறுதுறு என்றது. மூன்றாவது வாரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. இரண்டு வருஷத்தில் நான் அந்தப் பையன் குரலைக் கேட்டதே இல்லை.


நெல்லிக்குப்பம் 27 எழுதியது:

எனக்குத் திக்குவாய். அதனால் இந்த இழையைப் பயத்தோடுதான் படித்தேன்.

பேச்சுக்கு மதிப்பெண் வைக்கச் சொல்கிறவர்கள் ஒரு நிமிஷம் என்னை நினைத்துப் பாருங்கள். வருகைப் பதிவில் "உள்ளேன் ஐயா" சொல்வதே எனக்கு நரகம். 'உ' வராது. என் நம்பர் நெருங்க நெருங்கச் சட்டை நனைந்துவிடும். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். ஆசிரியர் சிரிக்க மாட்டார், ஆனால் "சீக்கிரம் சொல்லுப்பா" என்பார். எழுத்துத் தேர்வு ஒன்றில்தான் நான் மற்றவர்களோடு சமமாக நின்றேன். அதையும் எடுத்துவிடாதீர்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஓர் அறிவியல் டீச்சர் வந்தார்கள். வாரம் ஒரு நாள் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, இந்தப் பாடத்தை உன் பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடு என்பார்கள். வகுப்பே இரைச்சலாக இருக்கும். அந்த இரைச்சலுக்குள் நான் திக்குவது யாருக்கும் கேட்காது. என் பக்கத்துப் பையன் மட்டும் பொறுமையாக உட்கார்ந்து கேட்பான். மின்சுற்றை அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். திக்கித் திக்கித்தான் சொன்னேன், ஆனால் முழுசாகச் சொன்னேன். மேடை வேண்டாம். பக்கத்தில் கேட்க ஓர் ஆள் போதும்.


துய்மா வீதி எழுதியது:

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். 1826 முதல் இருக்கிற லிசே. எங்களுடையது பிரான்ஸ் நாட்டுப் பாடத்திட்டம், கடைசி வருஷம் பக்கலோரெயா தேர்வு. அதில் 2021 முதல் 'கிராந்த் ஓரால்' என்று பெரிய வாய்மொழித் தேர்வு ஒன்று சேர்ந்திருக்கிறது. மாணவர் வருஷம் முழுக்க இரண்டு கேள்விகளைத் தானே உருவாக்கித் தயார் செய்ய வேண்டும். தேர்வு அன்று இரண்டு ஆசிரியர்கள் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். தயாராக 20 நிமிஷம், பேச 20 நிமிஷம். என் தம்பி அதை எழுதினான், இல்லை, பேசினான்.

வாத்தியார் ஐயா கேட்ட நியாயமான கேள்விக்கு அங்கே ஒரு பதில் இருக்கிறது. ஓர் ஆசிரியர் இல்லை, இரண்டு பேர், அதிலும் ஒருவர் வேறு பாடம். கேள்வியை மாணவரே உருவாக்குவதால் மனப்பாடம் கொஞ்ச தூரம்தான் ஓடும். பாதி நேரம் அவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பிரெஞ்சு பேசுகிற பிள்ளைகளுக்கு அது சுலபம். அரியாங்குப்பத்திலிருந்து வருகிற, வீட்டில் தமிழ் மட்டும் பேசுகிற பிள்ளைக்கு இரண்டு மடங்கு வேலை. வாய்மொழித் தேர்வு வீட்டை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். டீச்சர் சொல்கிற மாதிரி ஒன்றாம் வகுப்பிலிருந்தே பேசவிட்டால்தான் அந்தத் தேர்வு நியாயமாகும். கடைசியில் மட்டும் கொண்டுவந்து வைத்தால் அநியாயம்.


பண்ருட்டி டூ சிங்கப்பூர் எழுதியது:

எட்டு வருஷமாக இங்கே சிங்கப்பூரில் இருக்கிறோம். மகள் தொடக்கநிலை ஆறாம் வகுப்பு முடித்தாள். இங்கே அந்த முடிவுத் தேர்வில் தமிழுக்கு 200 மதிப்பெண் என்றால், வாய்மொழிக்கு 50, கேட்டலுக்கு 20. ஒரு சின்ன வீடியோ காட்டி, அதைப் பற்றித் தேர்வாளர் உரையாடுவார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. 2005-இல் இங்கே தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத் தமிழையும் வகுப்பில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவது குறைகிறது, எழுத்துத் தமிழை மட்டும் கொடுத்தால் அது பாடமாக மட்டும் நின்றுவிடும் என்ற கவலை. அதனால் "வந்தாங்க", "சொன்னேன்ல" என்று பேசுவது உரையாடலில் தப்பே இல்லை. எழுதும்போது "வந்தார்கள்". இரண்டும் வேறு வேறு இடத்துக்கு உரிய தமிழ் என்று சின்னப் பிள்ளைகளுக்கே தெரிகிறது. என் மகள் குழப்பிக்கொள்ளவில்லை. நான்தான் ஊரில் படித்த பழக்கத்தில் "ஒழுங்கா பேசு" என்று அவளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

இங்கே வகுப்பு சின்னது, வசதி அதிகம், அப்படியே நம் ஊருக்குப் பொருந்தாது. ஆனால் வகுப்பில் பேச்சு வழக்கு நுழைந்தால் எழுத்துத் தமிழ் கெட்டுவிடும் என்ற பயம் தேவையில்லை ஐயா.


மஞ்சக்குப்பம் பழைய வாத்தியார் எழுதியது:

இரண்டு நாளாக எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். முதுநகர்த் தம்பி எழுதியதைப் படித்த பிறகு பழைய ஞாபகம் ஒன்று வந்தது.

கல்வி வளர்ச்சி நாளுக்கு, அதாவது ஜூலை 15-க்கு, வருஷா வருஷம் பேச்சுப் போட்டி வைப்போம். "அவையோர் அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம்" என்று ஆரம்பித்து, கை இந்த இடத்தில் உயர வேண்டும், குரல் இந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று நானே எழுதிக்கொடுத்து, நானே பழக்கி, நானே கைதட்டினேன். பரிசு வாங்கிய பையனை ஒரு வருஷம் சிறப்பு விருந்தினர், "காமராசர் செய்ததிலே உனக்கு ரொம்பப் பிடிச்சது எது தம்பி?" என்று சாதாரணமாகக் கேட்டார். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மேடையில் நின்றுகொண்டு, பதிலுக்கு என் முகத்தைத் தேடினான். அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அந்தப் பார்வை என்னை விடமாட்டேன் என்கிறது. பேச்சுப் பயிற்சி என்று நினைத்து நான் கொடுத்தது எழுத்துப் பயிற்சியின் இன்னொரு வடிவம்தான்.

எழுத்துத் தமிழைத் திருத்த வேண்டும் என்பதில் இப்போதும் உறுதியாக இருக்கிறேன். நோட்டில் திருத்துங்கள். பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது வாயில் கை வைத்துத் திருத்த வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நேரத்துக்கு என்ன வழி என்று டீச்சர்தான் சொல்ல வேண்டும்.


லாஸ்பேட்டை அம்மா எழுதியது:

ஆங்கில ஆசிரியர் சொன்னபடி நேற்று ராத்திரி தோசை சுட்டுக்கொண்டே பையனிடம் கேட்டேன். முதலில் "ஒண்ணும் நடக்கல" என்றான். நான் மூன்று விநாடி இல்லை, ஒரு தோசை வேகும் வரை பேசாமல் இருந்தேன். அப்புறம் அவனாகவே பள்ளிக்கூடத்து நாய் குட்டி போட்ட கதையை ஆரம்பித்தான். எத்தனை குட்டி, எது எந்த நிறம், வாட்ச்மேன் எப்படிச் சாக்கு விரித்தார் என்று எல்லாம் வந்தது. மூன்று தோசை கருகியது. பரவாயில்லை.


கெடிலக்கரை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஆசை, நேரம் இல்லை. நான் இந்த மூன்று வாரத்தில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஐயா கேட்ட நேரம் முதலில். தினமும் காலையில் வருகைப் பதிவு முடிந்ததும் பத்து நிமிஷம், மூன்று பிள்ளைகள். நேற்றிலிருந்து இன்றைக்குள் பார்த்தது ஏதாவது ஒன்று. என் வகுப்பில் 28 பேர், பத்து நாளில் ஒரு சுற்று முடிந்துவிடுகிறது. தனியாகப் பீரியட் எடுக்கவில்லை. ஒரே விதி, பேசும்போது நானும் திருத்த மாட்டேன், யாரும் சிரிக்கக் கூடாது. பேசி முடித்ததும் மற்ற பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மதிப்பெண் இல்லை. யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான். நெல்லிக்குப்பம் தம்பி எழுதியதைப் படித்த பிறகு, முன்னே வர விருப்பமில்லாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னால் போதும் என்று மாற்றிவிட்டேன். உங்களுக்கு நன்றி தம்பி. அது எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் வாரம் எல்லோரும் "நான் காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன்" என்றார்கள். பாடப் புத்தகத்திலிருந்து நேராக இறங்கி வந்த வாக்கியம். மனசு விட்டுப்போனது. இரண்டாவது வாரம் ஒரு பையன், அவன் அப்பா பலாமரம் ஏறிக் கயிறு கட்டிப் பழம் இறக்கியதைச் சொன்னான். பழத்தைத் தட்டிப் பார்த்தால் எப்படிச் சத்தம் வரும் என்று பெஞ்சைத் தட்டிக் காட்டினான், "முத்தலன்னா இப்படி, முத்தினா இப்படி" என்று. வகுப்பே பெஞ்சைத் தட்டியது. கேள்வி இரண்டோடு நிற்கவில்லை, ஒன்பது வந்தது. அன்றைக்கு அவன் நோட்டில் எழுதியது ஆறு வரி. அதற்கு முன்னால் அவன் இரண்டு வரிக்கு மேல் எழுதி நான் பார்த்ததில்லை. பிழை நிறைய இருந்தது. ஐயா சொன்ன மாதிரி நோட்டில் உட்கார்ந்து திருத்தினோம்.

மல்லாட்டைப் பிள்ளை மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் முறை வந்தபோது தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். அதனால் போன திங்கட்கிழமை கரும்பலகையை நடுவே கோடு போட்டுப் பிரித்தேன். ஒரு பக்கம் 'வீட்டுச் சொல்', மறுபக்கம் 'புத்தகச் சொல்'. முதல் வரியில் நானே 'மல்லாட்டை – நிலக்கடலை' என்று எழுதி, "அன்னைக்கு இத தப்புன்னு சொன்னேன். தப்பு இல்ல, டீச்சர்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் ஆளாளுக்கு ஒரு சொல் கொண்டுவந்தார்கள். ஆயா – பாட்டி. கொல்லை – தோட்டம் என்று ஒருவன் சொல்ல, "இல்ல, கொல்ல வேற, தோட்டம் வேற" என்று இன்னொருவன் சண்டைக்கு வந்தான். அவன் சொன்னதுதான் சரி. பலகை நிறைந்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் நான் வருகைப் பதிவை மூடுவதற்குள் அவள் எழுந்து வந்து மேசைப் பக்கத்தில் நின்றாள்.

"டீச்சர், எங்க சித்தப்பா திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்குது. அங்க இத கடலக்கான்னு சொல்லுவாங்களாம். அத எந்தப் பக்கம் எழுதறது?"

பலகையில் இரண்டு பக்கம்தான் இருந்தது. சாக்பீஸை அவள் கையில் கொடுத்து, நீயே ஒரு கோடு போடு என்றேன்.